கூண்டு வண்டி: ‘கவர்டு வேகன்’ என்னும் சொல்லுக்குத் தமிழ்

எமர்சன் ஹஃப் எழுதி 1922-இல் வெளிவந்த புதினம் ஒன்றை, அதே பெயரிலேயே, ஜேம்ஸ் குரூஸ் 1923-இல் பேசாப்படமாக இயக்கினார். ‘தி கவர்டு வேகன்’ என்னும் அந்தப் படத்தில், 1848-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து மேற்கே உள்ள ஆரிகனை நோக்கிக் குடியேறிகள் வண்டி வண்டியாகப் புறப்படுகிறார்கள்; கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி வழியில் எட்டியதும் ஒரு பகுதியினர் பிரிந்து அங்கே செல்கிறார்கள். காதலும் பகையும் கதையில் இருந்தாலும், படத்தை இன்றும் பார்க்கவைப்பது சமவெளியில் நீண்டு செல்லும் அந்த வண்டி வரிசைதான். ஆகவே அதன் பெயரைத் தமிழில் சரியாகச் சொல்வது அவசியமாகிறது.

‘வேகன்’ என்று அப்படியே எழுதினால் தமிழ் வாசகர் மனத்தில் முதலில் தோன்றுவது சரக்கு ரயில் பெட்டி. ஆங்கிலத்திலோ அது மிகப் பழைய சாலை வண்டியின் பெயர். டச்சு மொழியின் ‘வாகன்’ என்ற சொல்லை ஆங்கிலேயர் பதினாறாம் நூற்றாண்டளவில் எடுத்துக்கொண்டனர். அதே மூலத்திலிருந்து பிறந்த ‘வெயின்’ என்ற சொந்தச் சொல் அதற்கு முன்பே அவர்களிடம் இருந்தது. சுமந்து செல்லுதல் என்று பொருள்படும் அந்த இந்தோ-ஐரோப்பிய வேரின் வடமொழிக் கிளைதான் ‘வஹ்’. அதிலிருந்து வந்த ‘வாகனம்’ தமிழிலும் வழங்குகிறது. எனவே வேகனும் வாகனமும் ஒரே குடும்பத்துச் சொற்கள். ஆயினும் இன்று பேருந்து முதல் கோயில் உற்சவ மூர்த்தியின் ஊர்தி வரை அனைத்தையும் குறிக்கும் ‘வாகனம்’ இங்கே பொருந்தாது.

‘கவர்டு’ என்பதை ‘மூடிய’ என்று பெயர்ப்போர் உண்டு. ‘மூடிய வண்டி’ என்றால் நான்கு புறமும் கதவடைத்த ஒன்று என எண்ணத் தோன்றும். உண்மையில் அது வளைத்த மரச்சட்டங்களை வில்போல் நிறுத்தி, நீர் புகாதிருக்க ஆளிவிதை எண்ணெய் பூசிய தடித்த துணியை அவற்றின்மேல் இழுத்துக் கட்டிய வண்டி. முன்னும் பின்னும் திறப்பு உண்டு. எருதுகளோ கோவேறு கழுதைகளோ இழுத்தன. உள்ளே மாவும் பன்றி இறைச்சியும் கருவிகளும் நிறைந்திருந்ததாலும், அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் இல்லாத வண்டி கடுமையாகக் குலுங்கியதாலும், ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள ஆரிகன் பாதையில் பெரும்பாலோர் வண்டியின் பக்கமாக நடந்தே சென்றார்கள்.

இந்த அமைப்புக்குத் தமிழில் ஆயத்தமாக இருக்கும் பெயர் ‘கூண்டு வண்டி’. மூங்கிலை வளைத்துப் பாயோ ஓலையோ வேய்ந்த மாட்டுவண்டியை நம் ஊர்களில் அப்படித்தான் அழைத்தார்கள். கூண்டு என்ற சொல் பறவைக் கூண்டையும் நினைவூட்டும் என்பது உண்மையே; வண்டி என்ற சொல்லுடன் சேர்ந்தவுடன் அந்த மயக்கம் நீங்கிவிடுகிறது. சக்கரங்களில்தான் வேறுபாடு: நம்முடையது இரு சக்கரம், அமெரிக்கக் குடியேறிகளுடையது நான்கு சக்கரம். கட்டுரையில் முதன்முறை குறிப்பிடும்போது ‘நான்கு சக்கரக் கூண்டு வண்டி’ என்று எழுதிவிட்டால் போதும்.

இத்தகைய வண்டிகள் வரிசையாகச் செல்வதைக் குறிக்கும் ‘வேகன் டிரெயின்’ என்ற தொடருக்கோ சங்க இலக்கியத்திலேயே சொல் இருக்கிறது. உப்பு வணிகர் ஊர் ஊராகச் சென்ற வண்டி வரிசையைச் சிறுபாணாற்றுப்படை ‘நோன் பகட்டு உமணர் ஒழுகை’ என்கிறது. ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வது என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே அடங்கியுள்ளது. பொது வாசகருக்கு ‘வண்டித் தொடர்’ எளிது என்றாலும், அடைப்புக்குறிக்குள் பொருள் தந்து ‘வண்டி ஒழுகை’ என்று எழுதுவதையே நான் விரும்புகிறேன். வெண்துணிக் கூண்டு கப்பலின் பாய்போல் தோன்றியதால் அவ்வண்டிகளுக்கு அமெரிக்கர் வைத்த ‘பிரெய்ரி ஸ்கூனர்’ என்ற செல்லப்பெயரை ‘புல்வெளிக் கப்பல்’ எனலாம்.