அம்புக்குறி போட்ட கோப்பு

ஒப்படையைப் பிரிண்ட் எடுக்க மாணவி ஒருத்தி கிளிநொச்சியில் ஒரு கொமினிக்கேசனுக்குப் பென்ட்ரைவோடு வருகிறாள் என்று வையுங்கள். சொடுக்கினால் கோப்பைக் காணோம் என்கிறது கணினி. வீட்டுக் கணினியின் முகப்பில் இருந்ததைத்தானே இழுத்துப் போட்டாள்? அங்கே இருந்தது குறுக்குவழி (ஷோர்ட்கட்). உண்மையான கோப்பு எந்த இடத்தில் கிடக்கிறது என்ற விலாசம் மட்டுமே அதற்குள் உண்டு. சின்னத்தின் இடது கீழ்மூலையில் வளைந்த அம்புக்குறி, அளவு 1 அல்லது 2 கிலோபைட். படம் வைத்த பத்துப் பக்க ஒப்படை அதற்குள் அடங்காது. புறப்படுமுன் அளவைப் பார்ப்பது நல்லது.

அவளைக் குறைசொல்ல முடியாது. திரையை மேசையாகக் காட்டும் எண்ணம் 1970களில் கலிபோர்னியாவின் செராக்ஸ் ஆய்வுகூடத்தில் வளர்ந்து, 1981இல் செராக்ஸ் ஸ்டார் கணினியோடு சந்தைக்கு வந்தது. கந்தோர்க்காரரின் காகிதம், உறை (ஃபோல்டர்), தபால் தட்டு எல்லாம் திரைக்கு ஏறின. கச்சேரியில் கோவை கட்டியவருக்கு அது உடனே பிடிபடும். கைப்பேசியில் தொடங்கிய முல்லைத்தீவுப் பிள்ளைக்கு அந்த மேசையே புதிது.

பழகியவரையும் மேசை ஏமாற்றும். விண்டோசில் ஒரே வட்டுக்குள் கோப்பை இழுத்தால் அது இடம் மாறும். உண்மையில் தரவு அசைவதேயில்லை, பெயர்ப்பட்டியலில் ஒரு பதிவுதான் மாறுகிறது. 2 கிகாபைட் வீடியோவும் நொடியில் 'போவது' அதனால்தான். பென்ட்ரைவுக்கு இழுத்தாலோ பிரதி உண்டாகும். பள்ளிக்கூடத்தில் ஒன்றையும் வீட்டில் மற்றதையும் திருத்தி, கடைசியில் பழையதை ஒப்படைப்பவர்கள் ஏராளம்.

அழிப்பதிலும் இதே சிக்கல். கணினி வட்டில் அழித்தது குப்பைத்தொட்டியில் கிடக்கும், இடமும் பிடிக்கும். பென்ட்ரைவில் அழித்ததற்குத் தொட்டி இல்லை. ஆனாலும் பதிவில் 'அழிந்தது' என்ற குறிதான் விழுகிறது. தரவு உடனே போகாது. மேலே எதையும் எழுதாமல் கழற்றி வைத்தால், மீட்கும் மென்பொருளுக்கு வாய்ப்பு இருக்கிறது.

மேசைக்கு மாற்றுத் தேடியவர்கள் உண்டு. 1995இல் மைக்ரோசொஃப்ட் பொப் என்ற மென்பொருள் மேசைக்குப் பதில் வீட்டு அறைகளைக் காட்டிப் பார்த்தது, எடுபடவில்லை. அதே காலத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் எரிக் ஃப்ரீமனும் டேவிட் கெலர்ன்டரும் உறைகளை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் கால ஒழுங்கில் அடுக்கினார்கள். இதுவே எனக்குச் சரியாகப் படுகிறது. கைப்பேசிப் படத்தொகுப்பு அப்படித்தானே இருக்கிறது. 'போன கிழமை செய்தது' என்பது எவருக்கும் நினைவிருக்கும்.

ஒரு நிபந்தனை: கடிகாரம் சரியாக ஓடவேண்டும். இணையம் இல்லாத பழைய கணினியில் கடிகாரத்தை ஓட்டும் தாய்ப்பலகைப் (மதர்போர்ட்) பற்றரி செத்தால், பிளக்கைக் கழற்றும்போதெல்லாம் திகதி பல வருடம் பின்னே போய், இன்றைய ஒப்படை பட்டியலின் அடியில் ஒளிந்துவிடும். பெரும்பாலும் அது சி.ஆர். 2032 என்ற காசளவுப் பற்றரி. அதை மாற்றித் திகதியைத் திருத்திய பிறகு கோப்புகளைத் திகதிப்படி அடுக்குங்கள்.