அல்மாஷ் பிட்டெ: ‘ஆப்பிள் பட்டை’ என்றால் எந்தப் பட்டை?

ஹங்கேரி வீடுகளில் பெரிய தட்டில் சுட்டுச் சதுரமாக வெட்டும் பண்டம் அல்மாஷ் பிட்டெ. ‘அல்மா’ ஆப்பிள், துருக்கிய மொழிகளிலிருந்து ஹங்கேரியனுக்குப் போன சொல், துருக்கியில் ‘எல்மா’. ‘அல்மாஷ்’ என்றால் ஆப்பிள் சேர்ந்தது. ‘பிட்டெ’ பால்கன் பக்கத்துப் ‘பித்தா’வுக்கு உறவு. சொல்வரலாறு அவ்வளவே.

இதற்குத் தமிழில் ‘ஆப்பிள் பட்டை’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘பார்’ (bar) என்று இருப்பதைப் பார்த்துப் பட்டை ஆக்கிவிட்டார்கள். அடுப்படியில் பட்டை என்றால் கிராம்புக்குப் பக்கத்து டப்பாவில் இருப்பது. இந்தப் பண்டத்திலேயே அது ஒரு தேக்கரண்டி விழுகிறது! ‘ஆப்பிள் பட்டைக்குப் பட்டைத் தூள் தூவவும்’ என்று படிப்பவர் எதை எதன்மேல் தூவுவார்? கறுவா என்று சொல்லும் ஈழத்தவருக்கு இந்தக் குழப்பம் இல்லை, தமிழ்நாட்டில் உண்டு. தனித்தமிழ் அன்பர்கள் ஆப்பிளை ‘அரத்தி’ ஆக்கி ‘அரத்திப் பட்டை’ என்றால் அது நாட்டு மருந்துக் கடைச் சரக்காகிவிடும். ஆங்கிலத்து pie-ஐ அப்படியே ‘ஆப்பிள் பை’ என்றாலோ கடைக்கு எடுத்துப்போகும் பை. ‘ஆப்பிள் அப்பம்’ என்பதும் சரியில்லை. அப்பத்துக்குக் கரைத்த மாவு வேண்டும். இதற்குப் பிசைந்த மாவு.

செய்முறையைப் பார்த்தால் பெயர் தானே கிடைக்கும். 35×25 செ.மீ. தட்டுக்கு 500 கிராம் மைதா, 250 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 150 கிராம் பொடித்த சர்க்கரை, 2 மஞ்சள் கரு, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு, மாவு சேரும் அளவுக்குப் புளித்த பாலாடை. கிடைக்காவிட்டால் வடிகட்டிய கெட்டித் தயிர். ஒன்றரைக் கிலோ புளிப்பு ஆப்பிளைத் துருவி, பிழிந்து, சர்க்கரையும் பட்டைத் தூளும் கலந்தால் அது பூரணம். வேறென்ன? போளிக்கும் கொழுக்கட்டைக்கும் உள்ளே போவதை நாம் அப்படித்தான் சொல்கிறோம். பூரணம் வடமொழி என்பார்கள். இருக்கட்டும், எல்லா வீட்டிலும் புரிகிறது. அடிமாவின் மேல் ரவை தூவுவது கட்டாயம். துருவல் விடும் சாற்றை அது குடிக்காவிட்டால் அடிப்பாகம் வேகாமல் களியாக நிற்கும். பூரணத்தைப் பரப்பி மேல்மாவை மூடி, ஆவி போக முள்கரண்டியால் குத்தி, 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் சுடுவார்கள். நன்றாக ஆறிய பிறகே வெட்ட வேண்டும். சூட்டில் கத்தி வைத்தால் மேல்மாவு நொறுங்கிப் பூரணம் வழியும்.

இப்படித் தட்டில் வெட்டி எடுப்பதற்குப் பர்ஃபி போடுகிறவர்கள் வைத்திருக்கும் சொல் வில்லை. ஆகவே ‘ஆப்பிள் பூரண வில்லை’. மூன்று சொல்லும் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பவை.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்குமுன் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கலாம். ‘மாவுக்கு ஓய்வு கொடுக்கவும்’ என்று எழுதுகிறவர்களும் இவர்கள்தான். பிசைந்த மாவை மூடி அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைப்பது வெண்ணெய் இறுகவும், தேய்க்கும்போது மாவு சுருங்காமல் இருக்கவும். ‘மூடி வை’ என்று எழுதினால் போதாதா?