பேச்சி என்ற பேருக்கு ஆறு கேள்விக்குறி

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பொழுது விடியும் முன்பே வியாபாரம் சூடு பிடித்துவிடும். அங்கே ஒரு கமிஷன் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு மென்பொருள் ஓடுகிறது. வலையங்குளம், எலியார்பத்திப் பக்கமிருந்து மல்லிகை கொண்டுவருகிறவர்களுக்கு எடை, விலை, கமிஷன் போக மீதி எல்லாம் அச்சடித்த சிட்டை ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார்கள். பழைய டெஸ்க்டாப் பதிப்பை எடுத்துவிட்டு, பிரவுசரில் ஓடும் புதுப் பதிப்பைப் போட்ட மூன்றாம் நாள், வயதான ஓர் அம்மா என்னிடமே சிட்டையை நீட்டினார்.

"ஏப்பா தம்பி, எடையும் சரியா இருக்கு, ரூவாயும் சரியா இருக்கு. எம் பேரு எங்கப்பா?"

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபான்ட் போயிருச்சு போல தம்பி, ஒரு நல்ல ஃபான்டாப் போட்டு விடுங்க" என்றார். தமிழ் உடைந்து தெரிந்தால் பத்தில் ஒன்பது பேர் சொல்வது இதைத்தான். நிரல் எழுதுகிறவர்களும் சொல்வார்கள். நான் முதலில் செய்தது கேள்விக்குறிகளை எண்ணியது. ஆறு இருந்தன. அந்த அம்மாவின் பெயர் பேச்சி.

இந்த ஆறு என்ற எண்ணிக்கையிலேயே கோளாறு எங்கே என்பதற்குப் பாதி விடை இருக்கிறது. நம் கண்ணுக்குப் பேச்சி மூன்று எழுத்து: பே, ச், சி. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடு இதை வேறு மாதிரி எண்ணும். ப ஒன்று, ஏகாரக் குறி ஒன்று, ச ஒன்று, புள்ளி ஒன்று, மறுபடி ச, கடைசியில் இகரக் குறி. ஆக ஆறு குறியெண்கள். அந்த எண்களைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் அதே பெயரைக் கோப்பில் எழுதினால் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் 3 பைட், மொத்தம் 18 பைட். ஒரே பெயருக்கு 3, 6, 18 என்று மூன்று கணக்கு. 18 கேள்விக்குறி வந்திருந்தால், பைட்டுகளாகப் பிரிந்த பிறகு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வந்தது ஆறு. அப்படியானால் பெயர் யூனிகோடாக முழுசாகத்தான் வந்திருக்கிறது. ஓரிடத்தில் அதை ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற பழைய அட்டவணைக்கு மாற்றப் பார்த்திருக்கிறார்கள். அந்த அட்டவணையில் ப இல்லை, ச இல்லை, புள்ளியும் இல்லை. இல்லாத ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டது.

இன்னொரு தடயமும் அதே சிட்டைக் கட்டில் இருந்தது. பல வருஷமாக வரும் விவசாயிகளின் பெயர்கள் எல்லாம் அதே கணினியில், அதே பிரின்டரில் அழகாக அச்சாகின்றன. புதுப் பதிப்பு வந்தபின் சேர்த்த பெயர்கள் மட்டும் கேள்விக்குறி. ஆகவே படிக்கிற பாதை நன்றாக இருக்கிறது. எழுதுகிற பாதையில்தான் ஓட்டை. டேட்டாபேஸைத் திறந்து அந்தப் பெயரின் குறியெண்களைப் பார்த்தேன். 63, 63, 63 என்று ஆறு முறை. 63 என்பது கேள்விக்குறியின் குறியெண். உள்ளே இருப்பதே கேள்விக்குறிதான் என்றால் எந்த ஃபான்ட் வந்து அதைப் பேச்சியாக்கும்?

தவறு என்னுடையது. நான் பயன்படுத்தும் டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வரில் யூனிகோடு சரத்தை நேரடியாகக் கட்டளைக்குள் எழுதினால், மேற்கோள் குறிக்கு முன்னால் 'என்' என்ற ஆங்கில எழுத்தைப் போட வேண்டும். போடாவிட்டால் அந்த டேட்டாபேஸின் பழைய குறியீட்டு அட்டவணைக்கு மாற்றிவிட்டுத்தான் உள்ளே எடுத்துக்கொள்ளும். பெயர்ப் பத்தியை யூனிகோடு ஏற்கும் என்வார்ச்சர் வகையாகச் சரியாக வைத்திருந்தும் பயனில்லை, வாசலிலேயே பெயர் போய்விடுகிறது. அந்த ஓர் எழுத்தை ஓரிடத்தில் விட்டிருந்தேன். மதிப்புகளைக் கட்டளையோடு ஒட்டாமல் அளபுருக்களாகத் தனியே அனுப்பியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. வெளியாள் கட்டளைக்குள் விஷமம் நுழைப்பதையும் அதுவே தடுக்கும். மூன்று நாளில் சேர்ந்த பெயர்களைக் கடையின் கைப்பேரேட்டைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தேன். வேறு வழி கிடையாது. கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்ட தமிழ் திரும்பி வராது.

திரும்பி வரக்கூடிய உடைசலும் உண்டு. இரண்டைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். மாதக் கடைசியில் கடைக்காரர் கணக்கை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இறக்கி, இரட்டைக் கிளிக் செய்து எக்ஸெலில் திறப்பார். பெயர்ப் பத்தி முழுக்கத் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ' எழுத்து, பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' இருக்கும் வணிகக் குறி, அப்புறம் ஏதோ ஒன்று. மீண்டும் அதே சாய்கோட்டு எழுத்து. அந்த எழுத்தும் அந்த வணிகக் குறியுமாக மூன்று மூன்றாக வருகிற இந்தத் தாளகதி தமிழைக் காட்டிக்கொடுத்துவிடும், காரணமும் எளிது.

யூனிகோடில் தமிழின் வீடு 2944 முதல் 3071 வரை. 1992-இல் கணினி அறிஞர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யுடிஎஃப்-8 முறைப்படி 127 வரையுள்ள எண்களுக்கு ஒரு பைட் போதும், 2047 வரை இரண்டு, அதற்கு மேல் 65535 வரை மூன்று. ஆங்கிலம் ஒன்றில் அடங்கிவிடுகிறது, நமக்கு மூன்று. தமிழ் முழுவதும் ஒரு சின்ன வட்டாரத்துக்குள் இருப்பதால் முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். 'ம' என்றால் 224, 174, 174. இதை யுடிஎஃப்-8 என்று தெரியாமல், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ்-1252 அட்டவணையை வைத்துப் படித்தால் 224 என்பது சாய்கோட்டு 'ஏ', 174 என்பது அந்த வணிகக் குறி. கோப்பில் ஒரு பைட்டும் பழுதில்லை. படிக்கும் விதிதான் தப்பு.

மாங்குளத்துக் குகைக் கல்வெட்டுகளுக்கும் இதுதான் நடந்தது என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். மதுரை மாவட்டத்தில் நம் பக்கத்திலேயே இருக்கும் அந்த எழுத்துகளை 1882-இல் ராபர்ட் சீவெல் கண்டார். வடக்கே அதே பிராமி எழுத்தில் வெட்டிய அசோகன் கல்வெட்டுகளில் குறி எதுவும் இல்லாத எழுத்தை அகரம் ஏறிய மெய்யாகப் படிக்க வேண்டும். அதே விதியை இங்கே பொருத்தினால் சொற்கள் தமிழாக நிற்கவில்லை. இவை தமிழே என்று 1924-இல் கல்வெட்டறிஞர் கே. வி. சுப்பிரமணிய ஐயர் காட்டினார். தொடக்ககாலத் தமிழ்க் கல்வெட்டுகளில் குறியில்லாத எழுத்து வெறும் மெய் என்பதையும், அகரம் வேண்டுமானால் அதற்கென்று ஒரு கோடு போட்டார்கள் என்பதையும் ஐராவதம் மகாதேவன் பின்னால் முறையாக வகுத்துத் தந்தார். புள்ளி அப்போது இல்லை. இரண்டாயிரம் வருஷமாகக் கல்லில் ஒரு கீறலும் மாறாமல் இருந்தது, விதி சரியானதும் வாசகம் தமிழாக எழுந்து நின்றது.

எக்ஸெலுக்கு அந்த விதியைச் சொல்ல, கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளை எழுதினால் போதும். இது யுடிஎஃப்-8 என்று அறிவிக்கும் முத்திரை அது. நிரலை மாற்ற முடியாதவர்கள், கோப்பை இரட்டைக் கிளிக் செய்யாமல் எக்ஸெலின் டேட்டா பகுதி வழியாக உள்ளே இழுத்து, குறியீட்டு முறையாக 65001 என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். வலைப்பக்கத்திலும் நோய் இதேதான். பக்கத்தின் தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 என்று அறிவிக்க மறந்தால் பிரவுசர் ஊகிக்கத் தொடங்கும், சர்வர் வேறு ஏதாவது சொன்னால் அதையே நம்பிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, பலர் கையைச் சுட்டுக்கொள்ளும் இடம் இது. உடைந்து தெரியும் அந்தக் கோப்பைத் திறந்த நிலையிலேயே மறுபடி சேமிக்கக் கூடாது. யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தால், சாய்கோட்டு 'ஏ' இப்போது நிஜ எழுத்தாகி அதற்கே இரண்டு பைட் எழுதப்படும். ஒரு முறை தப்பாகப் படித்தது தப்பாகவே பதிந்துவிடும். இதைத் தலைகீழாக ஓட்டி மீட்கலாம். ஆனால் முழுதாக மீள்வதற்கு உத்தரவாதம் இல்லை. விண்டோஸ்-1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. தமிழ்ப் புள்ளியின் மூன்று பைட்டுகள் 224, 175, 141. உகரக் குறியின் கடைசி பைட் 129. ஏ என்ற எழுத்து 143-இல் முடிகிறது, ஐ 144-இல். சில மாற்றிகள் காலி இடத்து பைட்டை அப்படியே கடத்திவிடும், சில அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு கேள்விக்குறியை வைக்கும். இரண்டாவது வகை மாற்றி வழியாகப் போன பெயர்ப் பட்டியலை மீட்டால் ம, ர, ை எல்லாம் நலமாகத் திரும்பும், மதுரையின் 'து'வில் உகரம் இருக்காது. தமிழில் மெய்யெழுத்து இல்லாமல் எத்தனை பெயர் எழுத முடியும்? மெய்யெழுத்து உள்ள பெயர் அத்தனையிலும் புள்ளி தொலைந்திருக்கும். மீட்ட பட்டியலில் புள்ளியும் உகரமும் ஏ, ஐ எழுத்துகளும் மட்டும் குறிவைத்துக் காணாமல் போயிருந்தால், அது எந்த வழியாக வந்தது என்று விசாரிக்கவே வேண்டாம்.

எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால், அப்போது கடைக்காரர் சொன்னது சரி. தரவு நலம், ஃபான்டில் தமிழ் இல்லை. கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால் பைட் வரிசை நடுவில் அறுந்திருக்கிறது. பெயருக்கு 20 பைட் என்று இடம் ஒதுக்கி, மிச்சத்தை வெட்டும் நிரல்களில் இது வரும். ஆறு குறியெண்ணுக்கு 18 பைட் போக, ஏழாவதின் முதல் இரண்டு பைட் மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கும். 'பேச்சியம்மாள்' என்று எழுதவே 39 பைட் வேண்டும். ஆங்கிலப் பெயரை மனதில் வைத்து 20 போட்டவருக்கு அது தெரிந்திருக்காது.

இதுவரை சொன்னவை கண்ணுக்குத் தெரிகிற கோளாறுகள். எனக்கு அதிகம் கவலை தருவது தெரியாத கோளாறு. கடையில் 'கொடிக்குளம்' என்று தேடினார்கள். பட்டியலில் அந்த ஊர் கண்முன்னே இருக்கிறது, தேடலோ எதுவும் இல்லை என்கிறது. 'கொ'வை இரண்டு விதமாக எழுதலாம் என்பதுதான் காரணம். க-வோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது க-வோடு ஒற்றைக் கொம்பு ஒன்றும் கால் ஒன்றும். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே, குறியெண்ணில் ஒன்று இரண்டு, மற்றது மூன்று. யூனிகோடு இவை சமம் என்று விதித்திருக்கிறது. அதற்கான சீராக்கும் வசதி பெரும்பாலான நிரல்மொழிகளில் உண்டு. சேமிக்கும்போதும் தேடும்போதும் அதன் வழியாக அனுப்பினால் தீர்ந்தது.

'கௌரி'க்கு அது போதவில்லை. பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் சேர்த்துக் 'கெளரி' என்று அடிக்கிறார்கள். யூனிகோடின் கண்ணில் அது கெ, ள, ரி. வேறு சொல். கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்தால் ஔகாரமாக மாற்று என்று ஒரு வரி எழுதினால் 'கெளுத்தி' மீன் சிதைந்துவிடும். பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத ளகரத்தை மட்டும் மாற்று என்று திருத்தினால் கெளுத்தி பிழைக்கும். ஆனால் நம்மூர்ப் பேச்சு வழக்கில் பொருள் பட்டியலில் யாராவது 'வெளக்குமாறு' என்று எழுதியிருந்தால் அது 'வௌக்குமாறு' ஆகிவிடும். அதனால் சேமித்த பெயரில் நான் கை வைப்பதில்லை. தேடுவதற்கென்று தனியாக ஒரு நகல் பத்தி வைத்து, இந்த மாற்றத்தை அதில் மட்டும் செய்கிறேன். 'ஸ்ரீ'யும் இதே ரகம். 2005-இல் யூனிகோடில் ஶகரம் சேர்ந்த பிறகு அதை ஸகரத்தில் தொடங்குகிறவர்களும் ஶகரத்தில் தொடங்குகிறவர்களும் உண்டு, பெரும்பாலும் பார்வைக்கு வேறுபாடே இல்லை.

அகர வரிசையும் அப்படித்தான். குறியெண் வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன் நிற்கிறது. அதனால் கனகா முந்திக்கொள்வாள், கமலா பின்னால் வருவாள். டேட்டாபேஸில் தமிழுக்கான வரிசை விதியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கமலா முன்னால் வந்துவிடுவாள்.

சிட்டை அச்சிடும் 58 மில்லிமீட்டர் வெப்ப பிரின்டர் வேறு கதை. அதன் உள்ளே இருக்கும் எழுத்து அட்டவணைகளில் பெரும்பாலும் தமிழ் இருக்காது. இருந்தாலும் ஏகாரக் குறியை ப-வுக்கு முன்னால் இழுத்து வைக்கும் அறிவு அதற்குக் கிடையாது. ஆகவே சிட்டையைக் கணினியிலேயே 384 புள்ளி அகலப் படமாக வரைந்து அனுப்புகிறேன். கொஞ்சம் மெதுவாகத்தான் அச்சாகும். முகூர்த்த நாள் கூட்டத்தில் அந்த ஒரு நொடி தாமதத்தைக் கடைக்காரர் சுட்டிக்காட்டுவார். பெயர் பிழையாக வருவதை விட அது மேல் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இப்போது எந்தப் புதுப் பதிப்பைக் கொடுப்பதற்கு முன்னும் சில பெயர்களைத் தட்டச்சு செய்து, சேமித்து, தேடி, சிஎஸ்வியாக இறக்கி, எக்ஸெலில் திறந்து, சிட்டையிலும் அச்சடித்துப் பார்க்கிறேன். போட்டதும் வந்ததும் பைட்டுக்கு பைட் ஒத்துப்போக வேண்டும். கொடிக்குளம், கௌரி, கெளுத்தி, வெளக்குமாறு, ஐயனார், ஏழுமலை, ஸ்ரீதேவி, பேச்சியம்மாள். பட்டியலின் முதல் வரியில் பேச்சி.