போத்தலுக்குள் வன்னி எவ்வளவு?

பாணில் பூசிச் சாப்பிடுகிற கத்தரிக்காய்ச் சட்னிப் போத்தல் ஒன்றைக் கிளிநொச்சிக் கடையில் எடுத்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'வன்னி உற்பத்தி'. கிளிநொச்சியும் வவுனியாவும் அடங்கிய இந்த வன்னி, சட்னி காய்ச்சிய இடம். கத்தரிக்காயும் அங்கேதான் காய்த்ததா என்பது அதில் இல்லை. பார்கோடும் உதவாது. 479 என்று தொடங்கினால், அந்தக் குறியீட்டை வாங்கிய நிறுவனம் இலங்கையில் பதிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

போத்தலைத் திருப்பினால் சேர்மானங்கள் இருக்கும். நிறை கூடியது முதலில், குறைந்தது கடைசியில் என்பது விதி. 200 கிராம் போத்தலில் வதக்கிய கத்தரிக்காய் 110, பெரிய வெங்காயம் 30, தேங்காய் எண்ணெய் 30, வினாகிரியும் சீனியும் 15, செத்தல் மிளகாய் 10, உப்பு 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கத்தரிக்காய் வவுனியாத் தோட்டத்தினுடையது, உப்பு ஆனையிறவுடையது. மற்றதெல்லாம் வெளியிலிருந்து வந்தது. செத்தல் மிளகாயும் இந்த நாட்டுக்குப் பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் வருகிறது. ஆக வன்னியுடையது 115 கிராம், 57.5 சதவீதம்.

ஆனால் பச்சைக் கத்தரிக்காயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அந்த 110 கிராமுக்குச் சட்டியில் போட்டது 250 கிராம் என்றால், மற்ற 90 கிராமையும் சேர்த்து மொத்தம் 340 கிராமில் வன்னியின் பங்கு 255. அதே போத்தல், இப்போது 75 சதவீதம்! எனக்கு இந்தக் கணக்கே நியாயமாகப் படுகிறது. கமக்காரர் நிறுத்துக் கொடுத்தது 250 கிராம். சட்டியில் ஆவியாய்ப் போனதும் அவர் கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர்தான்.

சரி, அது வவுனியாக் கத்தரிக்காய்தான் என்று எப்படி நம்புவது? அதற்குப் பாறை சாட்சி சொல்லும். வவுனியாவுக்கு அடியில் இருப்பது 50 கோடி ஆண்டுக்கு மேல் பழைய கடும்பாறை. நிலவியலாளர்கள் அந்தப் பாறைத் தொகுதிக்கு வைத்த பெயரே வன்னி. யாழ்ப்பாணத்துக்கு அடியில் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். ருபீடியம் என்ற உலோகத்தின் ஒரு வகையான ருபீடியம்-87 அணுக்கள் மிக மெதுவாகச் சிதைந்து, ஸ்ட்ரோன்சியம் என்ற இன்னொரு உலோகத்தின் ஒரு வகையான ஸ்ட்ரோன்சியம்-87 ஆகின்றன. ருபீடியம் உள்ள பழைய பாறையில் அது நெடுங்காலமாகச் சேர்ந்திருப்பதால், அதே உலோகத்தின் இன்னொரு வகையான ஸ்ட்ரோன்சியம்-86 ஓடு ஒப்பிட்டால் அதன் பங்கு கூட. சுண்ணாம்புக்கல்லோ தான் படிந்த காலத்துக் கடலின் விகிதத்தையே வைத்திருக்கிறது. வேர் உறிஞ்சும்போது இந்த விகிதம் அநேகமாக மாறாமல் காய்க்கு வந்துவிடும்.

பசளையும் பாசன நீரும் இதைக் கொஞ்சம் குழப்பும். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கப் பாறைகளின் மேல் ஓடி இரணைமடுக் குளத்தை நிரப்புகிறது. அந்தத் தண்ணீர் பாயும் கிளிநொச்சித் தோட்டத்துக் காயிலும் அந்தப் பாறையின் சாயல் ஏறலாம். சட்னியில் இன்னும் சிக்கல். வெங்காயமும் மிளகாயும் தத்தம் மண்ணின் விகிதத்தைக் கொண்டுவந்து கலந்துவிடுவதால் விகிதத்தை அளக்கும் கருவி காட்டுவது வெறும் சராசரி. அதனால் மாதிரியைப் போத்தலிலிருந்து எடுத்துப் பயனில்லை. காய் வெட்டுப்பலகையில் இருக்கும்போதே எடுக்க வேண்டும்.