வான் பாயும் வீதி

“தண்ணி முழங்காலுக்குக் கீழதான் போகுது, கடந்திரலாந்தானே?” கார்த்திகை பிறந்து தை கழியும்வரை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆற்றைக் குறுக்கே கடக்கும் தாம்போதி வீதிகளின் இரு கரையிலும் நின்று சனம் கேட்கும் கேள்வி இது. கிட்டங்கி, மாவடிப்பள்ளி, கிரான் - புலிபாய்ந்தகல் என்று இடம்தான் மாறும். இதற்கு அனுபவசாலி ஒருவரின் தலையசைப்பை எதிர்பார்க்க வேண்டியதில்லை. எண்ணாலேயே பதில் சொல்லலாம். சிறிய கார் ஒன்றுக்கு அந்த எண் 20 சென்ரிமீற்றர். முழங்கால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே இருக்கிறது.

மழை ஏன் பெய்கிறது என்பது பாடசாலையில் படித்ததுதான். வடகீழ்க் காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தைக் கரைக்குக் கொண்டுவருகிறது. தாழமுக்கம் ஒன்றும் சேர்ந்தால் ஒரே நாளில் 100, 200 மில்லிமீற்றர் கொட்டிவிடுகிறது. வீதியால் போகிறவர் மனதில் வைக்க வேண்டியது, மழை பெய்த இடமும் வீதியைத் தண்ணீர் மூடும் இடமும் ஒன்றல்ல என்பதை. மகா ஓயாப் பக்கத்தில் பெய்த மழை முந்தனை ஆற்றால் இறங்கிக் கிரானுக்கு வந்துசேர நேரமெடுக்கும். உன்னிச்சை, நவகிரிக் குளங்களில் மிகைநீரை வெளியேற்றும் வான்கதவு திறந்தாலும் அப்படித்தான். ஆகவே வெயில் எறிக்கிற காலை ஒன்றிலும் தாம்போதியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கலாம். வானத்தைப் பார்த்து வீதியின் நிலையைக் கணிக்க முடியாது.

இனித் தாம்போதிக்கு வருவோம். ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்ட வீதி அது. சாதாரண நாட்களில் தண்ணீர் கீழே குழாய்களால் போகும். வெள்ளத்தில் மேலால் போகும். மேலால் போகத் தொடங்கிய கணத்தில் அது வீதியாக இருப்பதை விட்டுவிடுகிறது. குளத்துக்கட்டில் மிகைநீர் வழியக் கட்டிய வான் என்ன வேலை செய்கிறதோ, அதே வேலையைத்தான் தாம்போதியும் செய்கிறது. நீரியல் பொறியியலில் இரண்டும் ஒரே வகை: அகன்ற முடி, அதாவது அகன்ற உச்சி, கொண்ட வான்.

வானுக்கு ஓர் அழகான குணம் இருக்கிறது. அதன்மேல் பாயும் தண்ணீர் தன் வேகத்தை விருப்பம்போல் வைத்துக்கொள்ள முடியாது. ஆழம் இவ்வளவு என்றால் வேகம் இவ்வளவுதான் என்று இயற்கை கட்டிவைத்திருக்கிறது.

காரணம் அலையில் இருக்கிறது. ஆழங்குறைந்த தண்ணீரில் ஒரு கல்லைப் போட்டால் எழும் சிற்றலை எவ்வளவு வேகமாகப் பரவும்? புவியீர்ப்பு ஆர்முடுகலை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அந்த வேகம் கிடைக்கும். 20 சென்ரிமீற்றர் ஆழத்தில் அது செக்கனுக்கு 1.4 மீற்றர். அலை என்பது தண்ணீருக்குள் போகும் செய்தி. ‘கீழே மட்டம் உயர்ந்துவிட்டது’ என்பதை மேலே இருக்கும் தண்ணீர் அறிவது அலையால்தான். இப்போது மேற்பக்கம் தண்ணீர் உயர்ந்து, கீழ்ப்பக்கம் தாழ்ந்து, இடையே தாம்போதி. முடியை நெருங்க நெருங்கத் தண்ணீர் மெலிகிறது, வேகம் கூடுகிறது. மெலியும்போது அலையின் வேகமோ குறைகிறது. ஒன்று ஏற, மற்றது இறங்க, வீதியின் கீழ்விளிம்புக்குக் கிட்ட இரண்டும் சமமாகிவிடுகின்றன. இதைத்தான் அவதி நிலை என்கிறோம். அந்த இடத்தில் எழும் அலை மேல்நோக்கி ஏற முயல்கிறது; அதே வேகத்தில் தண்ணீர் அதைக் கீழே இழுக்கிறது; அலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. கீழே என்ன நடந்தாலும் அந்தச் செய்தி மேலே போகாது. ஆகவே மேலிருந்து வரும் தண்ணீருக்குத் தன்னைத் தணித்துக்கொள்ள ஒரு காரணமும் கிடைப்பதில்லை. அந்த ஆழத்துக்கு விதித்த வேகத்தில் பாய்கிறது.

விளைவைப் பாருங்கள். விளிம்பில் ஆழம் 10 சென்ரிமீற்றர் என்றால் வேகம் செக்கனுக்கு 1 மீற்றர். 20 என்றால் 1.4. 30 என்றால் 1.7. 50 என்றால் 2.2. வேகமானி ஒன்றும் தேவையில்லை; ஆழத்தை அளந்தவர் வேகத்தையும் அளந்துவிட்டார்.

இதைவிட இனியது ஒன்று இருக்கிறது. வெள்ளத்தில் வாகனமோ ஆளோ நிலைத்து நிற்குமா என்பதைச் சோதித்தவர்கள் ஆழத்தை மீற்றரில் எடுத்து வேகத்தால் பெருக்கி வரும் எண்ணைத்தான் எல்லையாக எடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வெள்ள வழிகாட்டியில் சிறிய காருக்கு அந்தப் பெருக்கம் 0.3, பெரிய நான்குசில்லு இழுவை வாகனத்துக்கு 0.6, நடந்து போகும் பிள்ளைகளுக்கு 0.4, வளர்ந்தவர்களுக்கு 0.6 தாண்டினால் ஆபத்து ஏறத் தொடங்குகிறது. ஆழம் தர வேகம் என்பது வேறொன்றுமில்லை: ஒரு மீற்றர் நீள வீதியைத் தாண்டி ஒரு செக்கனில் போகும் தண்ணீரின் கனவளவு அது. தண்ணீர் வீதியின் நடுவில் காணாமற் போவதில்லை. மேல்விளிம்பில் ஆழமாக மெதுவாகப் போனாலும், கீழ்விளிம்பில் மெல்லியதாக விரைந்து போனாலும் பெருக்கம் ஒன்றேதான். ‘மேற்பக்கமாக அணைத்து ஓட்டினால் இழுவை குறைவு’ என்று நினைப்பவர் வேகத்தில் மிச்சம்பிடித்ததை ஆழத்தில் திருப்பிக் கொடுக்கிறார்.

இரண்டு விதிகளையும் சேர்த்துப் போட்டால், சிறிய காரின் 0.3 எல்லை விளிம்பு ஆழம் 21 சென்ரிமீற்றரில் வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு 25. வளர்ந்தவருக்கும் பெரிய ஜீப்புக்கும் 33. பத்திலிருந்து இருபதுக்கு ஆழம் இரட்டித்தால் பெருக்கம் இரட்டிப்பதில்லை, கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. ‘இன்னும் நாலு விரல் தண்ணீர்தானே’ என்பது எடுபடாததற்குக் காரணம் இதுதான்.

கார் ஏன் இவ்வளவு சீக்கிரம் தோற்கிறது? ஆக்கிமிடிசின் தத்துவம்தான். சுமார் 700 கிலோ எடையுள்ள சிறிய காரில் சாரதி ஒருவர், மொத்தம் 770. அடித்தட்டு நிலத்திலிருந்து 17 சென்ரிமீற்றர் உயரம், பரப்பு ஏறக்குறைய 4 சதுர மீற்றர். தண்ணீர் 30 சென்ரிமீற்றருக்கு வந்தால் அடித்தட்டுக்கு மேலே 13 சென்ரிமீற்றர். இடம்பெயர்ந்த தண்ணீர் 520 லீற்றர். மேலுதைப்பு 520 கிலோ. வீதியில் மிஞ்சி அழுத்துவது 250 கிலோ மட்டும். சேறும் மணலும் படிந்த நனைந்த வீதியில் உராய்வுக் குணகத்தை 0.3 என்று வைத்தால் பக்கவாட்டில் பிடித்துவைக்கும் விசை 75 கிலோவுக்குச் சமம். அதே 30 சென்ரிமீற்றரில் செக்கனுக்கு 1.7 மீற்றர் வேகத்தில் பாயும் தண்ணீர் காரின் பக்கத்தைத் தள்ளும் விசை சுமார் 80 கிலோ. கார் வழுக்கத் தொடங்கிவிட்டது. எஞ்சின் முன்னால் இருப்பதால் பின்பக்கம்தான் முதலில் பிடிவிடும். வால் கீழ்ப்பக்கம் திரும்பும். பிறகு சுக்கான் யாருக்கும் கட்டுப்படாது. 30 இல் வழுக்கும் காருக்கு 20 இல் எல்லை போடுவது வீணான பயமல்ல. வீதியில் குழி இருக்கும், எதிரே வரும் பஸ் அலையெழுப்பும், மிதந்துவரும் மரக்கொப்பு இடிக்கும்.

முச்சக்கரவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அந்த வழிகாட்டி எல்லை எதுவும் தரவில்லை. ஆட்டோவின் எடை 400 கிலோவுக்கும் குறைவு, தரைத்தகடோ அகலமானது. காரை விட அது இலகுவாக மிதக்கும். ஆகவே காருக்குரிய எல்லையை அதற்குக் கொடுக்கவே கூடாது.

‘உழவு இயந்திரம் போகும்’ என்ற நம்பிக்கைதான் நம் பக்கத்தில் அதிகம் உயிரெடுக்கக்கூடியது. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தோடு போனது. பிள்ளைகளை இழந்தோம். அந்த விபத்தின் ஒவ்வொரு கணத்தையும் இங்கே கணக்கிட முடியாது. பொதுவாக உழவு இயந்திரத்தின் பலவீனம் எங்கே என்று சொல்லலாம். இரண்டு தொன் எடை உண்மைதான். ஆனால் பின்சில்லு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 லீற்றர் இடத்தை அடைக்கும் காற்றுப்பை. பாதி மூழ்கினாலே இரண்டும் சேர்ந்து 300 கிலோவைத் தூக்கும். பின்னால் இழுத்துவரும் பெட்டி இன்னும் மோசம். அதன் தளம் 6 சதுர மீற்றர் என்றால், தண்ணீர் தளத்தைத் தொட்டு 10 சென்ரிமீற்றர் ஏறும்போது 600 கிலோ மேலுதைப்பு. பலகை இடுக்குகளால் தண்ணீர் உள்ளே வந்து அது குறைவதற்குள் பெட்டி இணைப்பு ஊசியில் சுழன்று கீழ்ப்பக்கம் போய்விடும்; எஞ்சின் பகுதியையும் இழுக்கும். பெட்டியில் நிற்கும் ஆட்கள் பாரமாக அழுத்துகிறார்களே என்றால், அவர்கள் எழுந்து நிற்பதால் புவியீர்ப்பு மையம் உயர்கிறது, கவிழ்வது எளிதாகிறது. இத்தனைக்கும் மேலே இருக்கும் சாரதிக்கு உயரம் ஒரு பொய்யான துணிவைக் கொடுக்கிறது. வெள்ளத்தில் பெட்டியில் ஆட்களை ஏற்றுவதை முற்றாக நிறுத்த வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று கீழ்ப்பக்கத்தில் நடக்கிறது. விளிம்பைத் தாண்டி விழும் தண்ணீர் அடியில் வேகமெடுத்து, கீழே நிற்கும் தண்ணீரோடு மோதி வெள்ளை நுரைக்கோடாகக் குமுறும். அந்தக் குமுறல் வீதியோரக் கிரவலை அரித்து, தாருக்கு அடியில் குடைந்துவிடும். மேலே தார் அப்படியே இருக்கும். கீழே ஒன்றும் இருக்காது. நுரைக்கோடு தெரிகிற பக்கம் காலோ சில்லோ வைக்கக் கூடாத பக்கம். தண்ணீர் வற்றிய பிறகும் வீதிக்காரர் பார்த்து முடிக்கும்வரை பாரவாகனம் அந்த ஓரத்தில் ஏறக்கூடாது.

ஆற்றுவாழை என்ற மிதக்கும் நீர்ச்செடியையும் சொல்ல வேண்டும். கிட்டங்கியில் அது கூட்டமாக வந்து குழாய் வாய்களை அடைத்துவிட்டால் கீழால் போகவேண்டிய தண்ணீரும் மேலால் வருகிறது. மழை கூடாமலே மட்டம் ஏறும். அடைப்பு திடீரெனக் கழன்றால் பாய்ச்சலும் திடீரென மாறும். மாரிக்கு முன்னர், புரட்டாதியிலேயே அதை அள்ளி முடிப்பது வெள்ளத் தடுப்பு வேலை.

வாவியோடு சேரும் தாம்போதிகளில் ஒரு பொறி இருக்கிறது. வாவி நிரம்பி, வீதிக்கு மேலே கீழ்ப்பக்க மட்டமும் மேற்பக்கத்தின் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உயர்ந்தால் வான் மூழ்கிவிடும். தண்ணீர் ஆழமாக இருந்தாலும் மெதுவாகப் போகும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டித் திறந்ததும் வாவி இறங்குகிறது. கரையில் காத்திருப்பவர் ‘தண்ணி வத்துது’ என்று மகிழ்கிறார். அந்நேரம் கீழ்ப்பக்கம் தாழ்ந்து, வான் மறுபடி திறந்து, பாய்ச்சல் வேகமெடுக்கிறது. ஆழம் குறைய ஆபத்துக் கூடும் மணித்தியாலங்கள் அவை. கரையில் நின்றபடியே இதைச் சோதிக்கலாம். மேற்பக்கத்தில் வைக்கோல் துண்டொன்றைப் போட்டு, அது வீதியைக் குறுக்கே கடக்கும் நேரத்தை எண்ணுங்கள். 6 மீற்றர் வீதியை 5 செக்கனுக்குள் கடந்தால் வான் பாய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. காற்று உள்ளிழுக்கும் வாயால் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். மின்சாரம் இருக்கும்போதே கண்ணாடியை இறக்குங்கள். கதவுக்கு வெளியே 50 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் ஒரு மீற்றர் அகலக் கதவை அது சுமார் 125 கிலோவுக்குச் சமமாக அழுத்தும். தள்ளித் திறக்க முடியாது. சன்னலால் வெளியேறிக் கூரையில் ஏறி 117 அல்லது 119 க்கு அழைக்க வேண்டும்.

சில தாம்போதிகளைப் பற்றி ‘வருசத்துக்கு ஒரு உசிர் கேக்கிற இடம்’ என்று பேசுவார்கள். இழந்தவர்களின் துயரத்திலிருந்து வரும் பேச்சு அது, மதிக்கிறேன். ஆனால் அது விதியின் மீது பாரத்தைப் போட்டுவிட்டு, செய்ய முடிந்ததைச் செய்யாமல் இருக்க வழிவிடுகிறது. அந்த இடம் கேட்பது ஒரு அளவுகோல் கம்பம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் பீடமே இருக்கிறது. ஒவ்வொரு தாம்போதியின் முடி உயரத்தையும் குழாய்களையும் அளந்து, எந்த மட்டத்தில் மூட வேண்டும் என்று எழுதிக்கொடுப்பது இறுதியாண்டு மாணவர் செயற்றிட்டங்களாலேயே முடிக்கக்கூடிய வேலை. பெரிய ஆய்வுகளுக்குப் பணம் தேடும் நாட்டில் இந்தச் சிறிய ஆய்வுக்குப் பணம் ஒதுக்காமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கம்பத்தை நடும்போது இடம் முக்கியம். வீதி விளிம்பிலேயே நட்டால் அங்கே நீர்மட்டம் சரிந்து இறங்குவதால் குறைவாகக் காட்டும். மேற்பக்கத்தில் விளிம்பிலிருந்து 2, 3 மீற்றர் தள்ளி நட வேண்டும். பூச்சியக் கோடு தாம்போதியின் ஆகத் தாழ்ந்த இடத்து மேற்பரப்போடு நேராக இருக்க வேண்டும். கம்பம் நட்ட நிலத்தோடு அல்ல. அந்தக் கம்பத்தில் 30 சென்ரிமீற்றர் என்பது விளிம்பில் 20 சென்ரிமீற்றருக்குச் சமம். அதற்கு மேலே முழுவதும் சிவப்பு, இரவில் வாகன வெளிச்சத்துக்கு மினுங்கும் பூச்சில். இரு கரையிலிருந்தும் தெரியும்படி இரண்டு முகத்திலும். சிவப்பைத் தண்ணீர் தொட்டதும் தடுப்புக் கட்டை விழவேண்டும், உழவு இயந்திரத்துக்கும் சேர்த்து.