எடை கூடும், ஆடு இளைக்கும்

நியூசிலாந்தின் தென்கோடியில் உள்ள சவுத்லாந்தில், ஏப்ரல் மாதம் கிடாவோடு சேரும் செம்மறிகள் ஏறத்தாழ 147 நாள் சினை சுமந்து செப்டம்பரில் குட்டி ஈனும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் அங்கே குளிர்காலம். பெரும்பாலும் கொட்டில் கிடையாது. மழையோ பனியோ, புல்வெளிதான் வீடு.

ஜூலையில் ஒரு எக்டேரில் நாளொன்றுக்கு வளரும் புல், ஈரம் போகக் கணக்கிட்டால் 10 கிலோவைக்கூட எட்டாது. ஓர் ஆட்டுக்கு உடம்பைத் தக்கவைக்கவே தினமும் ஒரு கிலோ அளவுக்கு வேண்டும். எக்டேருக்குப் பத்துப் பன்னிரண்டு ஆடு மேய்ந்தால் வளர்வது போதாது. அதனால் இலையுதிர்காலத்துப் புல்லை மேய்க்காமல் விட்டுவைத்து, மின்வேலியால் துண்டு துண்டாகப் பிரித்து, அளந்து மேய்க்கிறார்கள்.

இந்த அளவு போதுமா என்று தராசைக் கேட்டால் தவறான பதில்தான் வரும். 65 கிலோ எடையில் சேர்க்கைக்கு வந்த ஆடு, ஈனும் முன் 72 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு கிலோ தேறிவிட்டதாகத் தோன்றும். ஆனால் இரட்டைக் குட்டி, பனிக்குட நீர், நஞ்சுக்கொடி, பெருத்த கருப்பை எல்லாம் சேர்ந்தால் 15 கிலோ அளவுக்கு வரும். அப்படியானால் தாயின் சொந்த உடம்பு 57 கிலோதான். எட்டு கிலோ கரைந்துபோயிருக்கிறது! போதாக்குறைக்கு, வயிறு நிறைய ஈரப்புல் இருந்தாலும் கம்பளி நனைந்திருந்தாலும் சில கிலோ கூடிக் காட்டும்.

கரைவது பெரும்பாலும் கடைசி ஆறு வாரத்தில். குட்டியின் பிறப்பெடையில் சுமார் 70 விழுக்காடு அப்போதுதான் சேர்கிறது. தேவை ஏறும் அதே நேரத்தில், விரிந்த கருப்பை இரைப்பையை நெருக்குவதால் தாயால் அதிகம் தின்ன முடிவதில்லை. குட்டிகளோ குளுக்கோஸை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தாய் தன் கொழுப்பை உருக்கி ஈடுகட்டுகிறது. உருக்குவது அளவு மீறினால் கல்லீரல் திணறி, கொழுப்பு உடைவதால் உண்டாகும் கீட்டோன்கள் ரத்தத்தில் பெருகி, ஆடு படுத்துவிடும். தாய் தப்பினாலும், எடை குறைந்து பிறக்கும் குட்டியிடம் உடற்சூட்டுக்கான பழுப்புக் கொழுப்பு குறைவு. முதல் குளிர்மழையே அதைக் கொன்றுவிடலாம். என் பார்வையில், ஆகஸ்டில் மிச்சம் பிடிக்கும் புல்தான் மிக விலையுயர்ந்த சிக்கனம்.

அனுபவமுள்ள பண்ணையாளர் தராசோடு நிற்பதில்லை. கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முதுகில் கைவைத்து அழுத்திப் பார்ப்பார். எலும்பு முனை கூர்மையாகக் குத்தினால் ஆடு இளைத்திருக்கிறது. சதைக்குள் மழுங்கித் தெரிந்தால் பரவாயில்லை. இதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. வயிற்றில் எத்தனை குட்டி இருந்தாலும் இந்த மதிப்பெண் மாறாது என்பதுதான் அதன் அருமை.

சினையான இரண்டரை, மூன்று மாதத்தில் ஸ்கேன் எடுத்து, ஒற்றைக் குட்டி, இரட்டைக் குட்டி என்று வண்ணம் தீட்டிப் பிரிக்கிறார்கள். ஒற்றை சுமப்பவை மேய்ந்த துண்டுகளில் இன்னும் சில வாரம் காத்திருக்கும். சேமித்த நீளப்புல்லின் வேலி, இரட்டை சுமப்பவற்றுக்கும் முதுகெலும்பு குத்துபவற்றுக்கும் முதலில் திறக்கும்.