எப்போது கிளம்பும் என்று தெரியாத விமானம்

விடுமுறைக்கு வெளிநாடு போய்த் திரும்பியவர்களிடம் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டால், சிலர் பார்த்த இடங்களை விட்டுவிட்டு விமான நிலையத்தில் நடந்த சண்டையைத்தான் முதலில் சொல்கிறார்கள். மனநல ஆலோசனை அறையில் இது பழகிப்போன கதை. "ஃபிளைட் லேட்டு. அதுக்குள்ள இவர் என்கிட்ட பேசுறதையே நிறுத்திட்டார்" என்பார் மனைவி. "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை போய் விசாரிச்சுட்டு வாங்கன்னா நான் என்ன செய்ய?" என்பார் கணவர். மற்ற நாட்களில் இருவருமே நிதானமானவர்கள்.

விமானம் எட்டு மணி நேரம் தாமதம் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால், பலர் புலம்பிவிட்டு ஒரு மூலையில் படுத்துவிடுவார்கள். அரை மணி, இன்னும் அரை மணி, அப்புறம் 'மறு அறிவிப்பு வரும்வரை' என்று இழுக்கும்போதுதான் ஆள் நொந்துபோகிறார். யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆய்வாளர்கள் 2016இல் இதைப் பற்றிய ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கணினி விளையாட்டில் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் லேசான மின்னதிர்ச்சி. அதிர்ச்சி உறுதி என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தபோது பதற்றம் அதிகம். வியர்வையிலும் கண்மணி விரிவதிலும் அது தெரிந்தது.

அதனால்தான் 'பாசிட்டிவாக நினையுங்கள்' என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. மனதுக்கு அப்போது வேண்டியது தகவல். நீங்கள் ஏறவேண்டிய விமானம் பெரும்பாலும் வேறொரு ஊரிலிருந்து வந்து சேர வேண்டியது. காலையில் ஓரிடத்தில் ஏற்பட்ட தாமதம் அன்றைய அடுத்தடுத்த பயணங்களுக்கும் தொற்றிக்கொள்ளும். விமானிகளும் பணிப்பெண்களும் சட்டப்படி இத்தனை மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பதால், ஓர் எல்லையைத் தாண்டினால் புதுக் குழு வர வேண்டும். கவுன்ட்டரில் இருப்பவர் மறைக்கிறார் என்று நினைக்கிறோம். பல நேரம் அவருக்கே தெரியாது. ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலியில் நமக்கான விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது இன்னும் புறப்படவே இல்லை என்றால், திரையில் ஓடும் 'அரை மணி தாமதம்' என்பதை நம்பிக் கேட்டில் நின்றுகொண்டிருக்க வேண்டாம்.

குடும்பமாகப் போனால் அறிவிப்பைக் கவனிக்கும் வேலையை ஒருவரிடம் விட்டுவிடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று மாற்றிக்கொள்ளலாம். மற்றவர்கள் திரையைப் பார்க்கக்கூடாது, கேட்கவும் கூடாது. சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நான் பார்த்தவரை சண்டையைக் குறைப்பதில் இதற்கு ஈடு வேறில்லை. தூரமாக மட்டும் போய்விடாதீர்கள். தாமதம் திடீரென்று குறைவதும் உண்டு.

கனெக்டிங் ஃபிளைட் இருந்தால் பதற்றத்துக்கு நியாயம் இருக்கிறது. இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், தவறவிட்டாலும் மாற்று ஏற்பாடு செய்வது பொதுவாக விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் நஷ்டம் பெரும்பாலும் உங்களுக்கு. மலிவாகக் கிடைக்கிறது என்று தனித்தனி டிக்கெட் எடுப்பவர்கள், இடையில் ஒரு இரவு விட்டுவிட்டால் நிம்மதி.

உடம்பையும் கவனிக்க வேண்டும். தூக்கமும் சாப்பாடும் இல்லாத நிலையில் வரும் கோபத்தில் பாதி, களைப்பின் கோபம். தூக்கம் வராமலிருக்கக் காபி மேல் காபி குடிப்பவர்கள் கவனிக்க: குடித்த காபியின் கஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் பலரின் உடலில் இருக்கும். படபடப்பை அது கூட்டும். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்காரும் பயணங்களில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது, ஆகவே காத்திருக்கும் நேரத்தை நடக்கப் பயன்படுத்துங்கள். தினமும் எடுக்கும் மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். இன்சுலினை லக்கேஜில் போடவே கூடாது, சரக்கறைக் குளிரில் உறைந்தால் அது பயன்படாது. பதற்றத்துக்கோ தூக்கத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் அதோடு மது அருந்துவது ஆபத்து. புதிதாக ஒரு தூக்க மாத்திரையை முதன்முதலாகப் பயணத்தில் சோதித்துப் பார்க்காதீர்கள்.

திடீரென்று மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து, செத்துவிடுவோமோ என்று தோன்றினால் அது பீதித் தாக்குதலாக இருக்கலாம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டுத் தானாகத் தணியும். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். ஏற்கெனவே இப்படி வந்து பழகியவருக்கு இது போதும். முதல் முறை வருகிறது, அல்லது நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறது என்றால் டென்ஷன்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல், பக்கத்தில் இருக்கும் ஊழியரிடம் உடனே சொல்லி மருத்துவ உதவி கேளுங்கள். விமானம் தவறினால் தவறட்டும்.